ஆரணியில் சொல்ல வேண்டியிருந்தது

ஒசாகாவில் என் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதியோருக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மதியங்களில் அங்கே பழைய படம் போடுவார்கள். பச்சைத் தேநீரும் அரிசி பிஸ்கட்டும் இலவசம். நான் போனது பிஸ்கட்டுக்காக. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒப்புக்கொள்ள வேண்டியவற்றில் ஆகச் சிறியது இதுதான்.

ஒரு மாதம் அந்த ஊரில் இருந்தேன். ரயில் ஒரு நிமிடம் தாமதமானதற்கு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். பெட்டியில் இருந்த ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் பரவாயில்லை என்று தலையாட்டினேன். தெருவில் குப்பையும் கிடையாது, குப்பைத் தொட்டியும் கிடையாது. வாழைப்பழத் தோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தேன். மீன் நன்றாக இருந்தது. புளி மட்டும்தான் இல்லை.

நான் சொல்ல வந்த செவ்வாய்க்கிழமை கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று போட்டார்கள். மகள் வித்யாவுக்கு அன்று விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். போர் முடிந்து, பாதிக்கு மேல் எரிந்துபோன ஒரு ஊர். இரண்டு பையன்கள். ஒருவன் சோயாக் கடைக்காரரின் மகன். மற்றவன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தாயோடு இருப்பவன். அவன் அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. இரண்டு பேரும் சாம்பல் மேடுகளில் ஆணி பொறுக்குகிறார்கள். ஒரே சர்க்கரைவள்ளிக் கிழங்கை உடைத்து, எது பெரிய பாதி என்று சண்டை போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மதியம் பால் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பவுடரைக் கரைத்த பால். அந்த வாளியைக் கழியில் கோத்து இரண்டு மாணவர்கள் தூக்கி வர வேண்டும்.

திரையில் வாளி வந்ததும் கூடத்தில் இருந்த கிழவர் கிழவிகள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அடுத்து இருந்த கிழவர் என் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான் குடிப்பாங்களாம். ஒரு தடவ நிறுத்திட்டாங்களாம். அப்ப அழுதாங்களாம்" என்றாள் வித்யா.

நான் சிரிக்கவில்லை. அந்தப் பாலின் வாசனை எனக்குத் தெரியும். அதே பவுடர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது.

படத்தில் கடைக்காரர் மகன் கால் தடுக்கி வாளியைக் கவிழ்த்துவிடுகிறான். யார் என்று ஆசிரியர் கேட்கும்போது பேசாமல் நிற்கிறான். அறை மற்றவனுக்கு விழுகிறது. மறுநாள் அவன் இடம் காலியாக இருக்கிறது. பாலே பிடிக்காத கடைக்காரர் மகன் தன் கிண்ணத்தை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறான். அத்துடன் படம் முடிந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கோபமாக வந்தது. குடித்துவிட்டால் ஆயிற்றா? ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள் என்று வித்யா கேட்டாள். தூக்கம் வருகிறது என்றேன்.

எனக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிக்குப் பக்கத்தில், ஆற்றின் மறுகரையில். எங்களுக்கு நிலம் இருந்தது. சாலமோன் வீட்டார் அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள். ஊருக்கு வெளியே காலனியில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் நானும் அவனும் ஒரே பலகை. ஐந்தாம் வகுப்பில் நான் சட்டாம்பிள்ளை என்பதால் சாமான் அறைச் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அறை மூலையில் எங்கள் மார்பளவு உயரத்துக்கு ஓர் அட்டை டிரம், அதில் பால்பவுடர். அதைக் கரைக்காமல் தூளாகவே அள்ளித் தின்பது எங்கள் இருவருடைய ரகசியம். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்கால் சுரண்டிச் சுரண்டித் தின்று முடிக்க ஒரு பாடவேளை ஆகும். எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பட்டால் பவுடர் கட்டி தட்டிவிடும்.

அன்று புது டிரம் திறந்திருந்தார்கள். காலையில் ஆளுக்கு ஒரு பிடி எடுத்தோம். சாலமோன் தன் பிடியைத் தின்னவில்லை. ஒன்றாம் வகுப்பில் இருந்த தங்கை மேரிக்கென்று சட்டை நுனியில் முடிந்துகொண்டான். மூடியை அவன்தான் மேலே ஏறி முழங்காலை வைத்து அழுத்தி மூடினான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி, துடைக்காமல் நான் மட்டும் திரும்பவும் அங்கே போனேன். முழங்கை வரை விட்டு அள்ளினேன். வெளியே தலைமையாசிரியர் செருமுவது கேட்டது. அறையைப் பூட்டிவிட்டு ஓடினேன். டிரம்மை மூடவில்லை. அடுத்த மூன்று நாளும் விடுமுறை, அடைமழை. ஓட்டுக்கூரை ஒழுகியது. நாலாம் நாள் பார்த்தால் டிரம் முழுக்கக் கல்லாக இறுகி, மஞ்சள் பூத்து நாறிக்கொண்டிருந்தது.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். சாலமோனுக்கு இருந்தது ஒரே சட்டை. அதன் நுனி மடிப்பில் வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. சாவி உன்னிடம்தானே இருந்தது என்று தலைமையாசிரியர் என்னைக் கேட்டார். நான் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது இவன் எடுத்தான் என்று சொன்னேன்.

அவனைப் பள்ளிக்கூடத்தைவிட்டு அனுப்பினார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, அந்த வருடம் முடியும்வரை எங்கள் பள்ளிக்குப் பாலையே நிறுத்திவிட்டார். சாலமோன் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு வேலைக்கு வந்தான். அதுவரை என்னை 'டா' போட்டவன் 'சின்னவரே' என்று கூப்பிட ஆரம்பித்தான். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வந்து அவன் கிளம்பிப் போகும்வரை பதினோரு வருடம் எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொண்டான். நான் படித்து வேதியியல் ஆசிரியரானேன். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருட்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பால்பவுடரை உதாரணம் காட்டுவேன். முப்பத்திரண்டு வருடம் மாணவர்களிடம் சொன்னேன். அவனிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

திருவள்ளூரில் என் வீட்டுக்குத் திரும்பிய நாலாம் நாள் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன். விலாசம் கையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தன் பேத்தி கல்யாணத்துக்குச் சாலமோன் பத்திரிகை அனுப்பியிருந்தான். முழங்கால் வலி என்று சொல்லி நான் போகவில்லை. வலி இருந்தது உண்மை. போகாததற்குக் காரணம் அது இல்லை.

முதல் நாளே வண்டி மாறி ஏறிவிட்டேன். காக்களூர் நிறுத்தத்தில் ஒரு வெள்ளைப் பேருந்து நின்றது. கும்மிடிப்பூண்டி போகுமா என்று கேட்டேன். காதில் எதையோ மாட்டியிருந்த இளைஞர் ஒருவர் தலையாட்டினார். அவர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. உள்ளே குளிர்சாதனம், சீருடை, தூக்கம். ஒசாகா ரயிலிலும் எல்லோரும் தூங்குவார்கள். ஆனால் முதுகு வளையாமல், பக்கத்து ஆள்மேல் படாமல் தூங்குவார்கள். இங்கே ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவர் என் தோளைத் தலையணையாக்கிக்கொண்டு முழுதாக ஒரு மணி நேரம் தூங்கினார். எனக்கு அது பிடித்திருந்தது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் அட்டையைக் காட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. காவலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, இண்டர்வியூக்கா வந்துக்கீற?"

பேருந்து மாறி ஏறிவிட்டதைச் சொன்னேன்.

"முன்னால எம்மாம் பெரிய போர்டு கீது. பாத்தா படிச்ச ஆளு மாரி கீற."

திட்டிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். நாஷ்டா ஆச்சா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் டப்பாவைத் திறந்து நாலு இட்லியில் இரண்டையும் வடகறியில் பாதியையும் எனக்குத் தள்ளினார். ஜப்பானில் ஒரு நிமிடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்கள். இங்கே என் ஒன்றரை மணி நேரத் தவறுக்கு வடகறி கொடுத்தார்கள். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, "இவர பத்திரமா கும்முடிப்பூண்டில எறக்கி வுடு, தானா எறங்க வுடாத" என்று ஓட்டுநரிடம் ஒப்படைத்தார்.

சாலமோன் இருக்கும் தெரு இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் பின்புறம். சுவர், செடி, துவைத்த துணி எல்லாவற்றின் மேலும் மெல்லிய துருநிறப் பொடி. பெயரைச் சொன்னதும் "பர்னஸ் தாத்தாவா?" என்று கேட்டு ஒரு பெண் கதவு வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே ஒரு மெலிந்த முதியவர் கண்ணுக்கு மிக அருகில் செய்தித்தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். இனி அவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எழுபத்தொரு வயதான ஒருவரை, அவர் வீட்டு நாற்காலியில் பார்த்த பிறகு, வேறு விதமாக எழுத வரவில்லை.

"வந்தாச்சா?" என்றார், காலையில் வெளியே போனவனைக் கேட்பதுபோல.

'வா' என்றும் சொல்லவில்லை, 'வாங்க' என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டாச்சா, எப்ப கிளம்பினது, கால் இப்ப தேவலையா என்று எல்லாவற்றையும் அப்படியே கேட்டார். சின்னவரே என்று கூப்பிட இனி முடியாது. டா போடவும் முடியாது. நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்து அதிலேயே நடந்தார்.

அவருடைய மருமகள் ஸ்டெல்லா சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் செய்தார். புளி இருந்தது. தட்டு காலியாகவே விடவில்லை.

"மாமா எப்பவும் ஒங்களப் பத்திதான் சார் பேசுவாரு. மாட்டுக் கொட்டாயில ஒக்காந்துகினு இவருக்கு பாடம் படிச்சிக் காட்டுவீங்களாமே. எந்த பெரிய ஊட்டுப் புள்ள அப்டி செய்யும்? இன்னிக்கு பேப்பர் படிக்கிறாரு, கோயில்ல பைபிள் வாசிக்கிறாரு, எல்லாம் ஒங்களால."

நான் படித்துக் காட்டியது உண்மை. அவர் பால் கறக்கும்போது என் பாடங்களைச் சத்தமாகப் படிப்பேன். எழுத்துக் கற்றுக்கொடுத்தேன். எதற்காக என்பது எனக்குத்தான் தெரியும். அன்று மாலை முழுவதும் நான் வாயைத் திறந்தது சாப்பிடத்தான். கடைசிப் பேருந்தும் போய்விட்டதால் அங்கேயே தங்கினேன்.

இரண்டாம் நாள் காலை, தான் வேலை செய்த ஆலையைக் காட்ட என்னை அழைத்துப் போனார். வாசலுக்கு எதிரே டீக்கடை. பலகையில் உட்கார்ந்தோம். பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் வரிசையாக நின்றன. நசுங்கிய டப்பா, சைக்கிள் சட்டம், கம்பிச் சுருள். டீக்கடைக்காரர் எனக்கு அவரை அறிமுகப்படுத்தினார். இருபத்தாறு வருடம் பர்னஸ் உலைக்கு இரும்பு பார்த்து அனுப்பியவர், இவர் ஷிப்டில் ஒருவர்மேலும் தீப்பொறி பட்டதில்லை என்றார். அது எப்படி என்று கேட்டேன்.

"ஈர இரும்பு உள்ள போச்சின்னா பொங்கி வெடிச்சிடும்" என்றார் சாலமோன். "மழ நாள்ல ஒவ்வொரு கட்டா தடவிப் பாத்துதான் வுடுவேன். லேட்டாவுதுன்னு சூப்பர்வைசரு கத்துவான். கத்தட்டும். என் கையால ஒரு டிரம்மு கெட்டது போதாதா?"

டிரம் என்ற வார்த்தையை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் பேச ஆரம்பித்தேன். தலைமையாசிரியரிடம் அன்று நான் சொன்னது பொய், நாம் இரண்டு பேரும்தான் எடுத்தோம் என்றேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "அது தெரிஞ்சதுதானே. பத்து வயசு, பயத்துல சொன்னது. அத நான் அன்னிக்கே வுட்டுட்டேன். மூடிய சரியா அழுத்தாதது நான்தானே. அதுக்கு யாரு இன்னா பண்றது?"

நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மன்னிப்பு கிடைத்துவிட்டது. டீ நன்றாக இருந்தது. பேருந்து நிலையம் நடக்கும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் தன் கைதான் அந்த டிரம்மைக் கெடுத்தது என்று இந்த மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீங்க மூடினது சரியாத்தான் மூடியிருந்தது, சாலமோன். மத்தியானம் நான் மறுபடியும் போனேன்."

அவர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த மத்தியானம்?"

"அன்னைக்கேதான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"கை?"

"கழுவிட்டுத் துடைக்காம வந்த கை."

"மூடி?"

"திறந்தபடி விட்டுட்டு ஓடிட்டேன்."

காலி கிளாசை எடுத்துக் குடித்தார். கீழே வைத்தார். "அப்போ நான் இல்லியா?" என்றார். நீங்கள் இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். அதையே சொன்னேன். மூன்றாம் முறையும் கேட்டார்.

"அறுவது வருசமா அந்த மூடிய மூடிக்கினே கீறேன்" என்றார். "கண்ண மூடுனா அதான். முட்டிய வெச்சி அழுத்துனனா, இல்லியா. அழுத்துன மாரியும் கீது, அழுத்தாத மாரியும் கீது."

மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எழுந்திரு. மேரிகிட்ட சொல்லணும்."

பால் நின்றதிலிருந்து மேரி அண்ணனைத் திட்டாமல் விட்டதே இல்லையாம். அவர் தொட்டால் எதுவும் கெட்டுப்போகும் என்பாளாம். அவருடைய கல்யாணத்திலேயே சோற்றுப் பானைப் பக்கம் அவரை விடவில்லையாம். பேத்தி கல்யாணத்திலும் பந்தியில் அதையே சொல்லிச் சிரிக்க வைத்தாளாம். உடனே கிளம்பலாம் என்றார். மேரி ஜெபக் கூட்டத்துக்காகப் பழவேற்காடு போயிருப்பதாகவும் மறுநாள் காலைதான் வருவார் என்றும் தொலைபேசியில் தெரிந்தது. அதனால் அன்று வீட்டிலேயே ஆரம்பித்தார்.

நான் நினைத்து வந்தது வேறு. இரண்டு முதியவர்கள், ஒரு தனி இடம், ஒரே ஒரு முறை சொல்வது. அப்படி நடக்கவில்லை. முதலில் ஸ்டெல்லாவிடம் சொல்லச் சொன்னார். அடுத்தது பக்கத்து வீட்டுக்காரரிடம். சாயந்திரம் தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் முடிந்து வந்த மகன் பிரபுவிடம். ஒவ்வொரு முறையும் சாலமோன் பக்கத்தில் நின்று, விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார். கை கழுவினதை விட்டாச்சு என்பார். சட்டை நுனியைச் சொல்லவில்லை என்பார். மூன்றாம் முறை எனக்குச் சரளமாக வந்தது. வகுப்பெடுத்த பழக்கம். மழையைக் கொஞ்சம் வர்ணித்துவிட்டேன் போலிருக்கிறது.

"கத மாரி சொல்லாத" என்றார். "நடந்தத சொல்லு."

ஸ்டெல்லா கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்குக் குழம்பு ஊற்றினார். மீண்டும் ஒரு முறை ஊற்ற வரவில்லை. அதில் தவறு காண எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பிரபு மட்டும் ஒன்று கேட்டார்.

"அப்போ எங்கப்பா படிச்சிருப்பாரு, இல்ல சார்?"

படித்திருப்பார், என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவார் என்றேன். அதற்குச் சாலமோன்தான் பதில் சொன்னார்.

"படிச்சிருந்தா நானும் வாத்தியாராயி, பஸ்ஸு மாறி ஏறிக்கினு இருந்திருப்பேன். நீ சாப்புடு."

பிரபு சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. ஆனாலும் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். வெட்கமில்லாமல் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஆரணிக்குப் புறப்பட்டோம். பேருந்தில் ஏறும் முன் என் கையைப் பிடித்து நிறுத்தி, முன் கண்ணாடிக்கு மேல் இருந்த பலகையைப் படிக்கச் சொன்னார். நான் சத்தமாகப் படித்த பிறகே ஏறவிட்டார். பாதி வழியில் டயர் காற்று இறங்கிவிட்டது. நடத்துநர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அரை மணி நேரம் ஆகும், அதுவரை இறங்கி நிழலில் நில்லுங்கள் என்றார். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் கிடங்கு. வேப்பமரத்தடியில் நின்று அவருக்கு அந்த ஜப்பானியப் படத்தைச் சொன்னேன். ஆணி பொறுக்கியது, கிழங்கு உடைத்தது, வாளி கவிழ்ந்தது எல்லாம். அங்கேயும் அதே பவுடரா என்று கேட்டார். அதேதான் என்றேன். அது அவருக்கு ஏனோ திருப்தியாக இருந்தது.

"கடசில அந்தக் கடக்காரன் புள்ள சொன்னானா?"

"இல்ல. மறுநாள் பால் முழுக்கக் குடிக்கிறான். அதோட முடிஞ்சிடுது."

"சொல்லாமயே முடிச்சிட்டானுங்களா?" யோசித்தார். "டிக்கெட் வாங்கியா பாத்த?"

"இல்ல. பிஸ்கட் குடுத்தாங்க."

"அதான்."

மேரி ஆரணியில், ஆற்றை ஒட்டிய காலனியில் தொகுப்பு வீட்டில் இருக்கிறார். நாங்கள் படித்த அதே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ஓய்வு பெற்றவர். முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, சின்ன மொதலாளியா? நீ செத்துப் பூட்டன்னு சொன்னாங்களே."

"அது எங்க அண்ணன்."

"அவரா. சரி, ஒக்காரு." பிறகு சாலமோன் பக்கம் திரும்பினார். "ண்ணா, நீ அந்த மொறத்த தொடாத. தள்ளி ஒக்காரு, கீர வாடிடும்."

சாலமோன் என்னைப் பார்த்தார். அந்த வாக்கியத்தை நான் என் காதால் கேட்டதில் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். மழை, கூரை எதுவும் இல்லாமல் சொன்னேன். காலையில் நாங்கள் இருவரும் எடுத்தோம். உங்கள் அண்ணன் மூடியை இறுக்கி மூடினார். மதியம் நான் ஈரக் கையோடு தனியாகப் போய் அள்ளி, மூடாமல் ஓடினேன். கேட்டபோது பொய் சொன்னேன். டிரம் கெட்டது என்னால்.

மேரியின் விரல்கள் கீரையை உருவிக்கொண்டே இருந்தன. "எந்த டிரம்மு?" என்றார். அவருக்குத் தெரியும். இன்னொரு முறை சொல்ல வைக்கக் கேட்டார். இன்னொரு முறை சொன்னேன்.

"பாலு நின்னப்பறமும் ஒரு வாரம் டம்ளர எடுத்துக்கினு போனேன்" என்றார் மேரி, கீரையைப் பார்த்தபடி. "திரும்ப குடுப்பாங்களோ இன்னாவோன்னு. யாரும் பாக்கக்கூடாதுன்னு பம்புல தண்ணி புடிச்சி, பாலு மாரி குடிச்சிட்டு ஊட்டுக்கு வருவேன். எங்கம்மா அதுக்கும் இவனத்தான் அடிச்சிது."

அண்ணனைப் பார்த்தார். "நீ ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து, நான் இல்லன்னு சொன்னியா?"

"நான்தான்னு நெனச்சேன், மேரி."

"அறுவது வருசமா?"

"அறுவது வருசமா."

மேரி முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். முறம் மடியிலிருந்து சரிந்து கீரை மண்ணில் கொட்டியது. சாலமோன் எழுந்து வந்து ஒவ்வொரு காம்பாகப் பொறுக்கி முறத்தில் போட்டார். மேரி தடுக்கவில்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தானையை இறக்கியபோது அவர் முகம் ஈரமாக இருந்தது, குரலில் ஈரம் இல்லை.

"இத்தினி வருசம் இவனத் திட்டிட்டேன். இனிமே யாரத் திட்டறது?"

அவர் முற்றத்தில் தனக்கு நேர் எதிரே கையால் தட்டிக் காட்டினார்.

"நைனா, நீ இப்டி முன்னால வந்து ஒக்காரு."

சம்மணம் போட்டு உட்கார முழங்கால் விடவில்லை. ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேரி ஆரம்பித்தார். கையைத் துடைக்கத் தெரியாதவன் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றாய் என்றார். அண்ணன் எங்கள் வீட்டில் அள்ளிய சாணியை வருடக் கணக்கில் சொன்னார். என் அப்பாவைச் சொன்னார். சட்டாம்பிள்ளை என்று நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்த நடையைச் சொன்னார். பத்திரிகை வைத்தும் கல்யாணத்துக்கு வராததைச் சொன்னார். சுவரில் சாய்ந்திருந்த சாலமோன் கண்ணை மூடிக்கொண்டு, கோயிலில் நல்ல பாட்டைக் கேட்பவர்போலத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மட்டும் கண் திறக்காமலே குறுக்கிட்டார்.

"வரிசைல நிக்க வெச்சத வுட்டுட்ட, மேரி."

மேரி பின்னால் போய் அதையும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதினால் நம்புவீர்களா தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒவ்வொரு வசவும் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. சாலையில் திருவள்ளூர் வண்டியின் ஹார்ன் கேட்டது. அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பழக்கத்தில் தரையில் கையூன்றிப் பாதி எழுந்துவிட்டேன்.

"எங்க போற? ஒக்காரு" என்றார் மேரி. "இன்னும் முடியல."

உட்கார்ந்தேன்.